நான்கு மலைகளின் ஓவியர்

கண்ணாற் கண்டதை மட்டுமே ஓவியன் எழுதுதல் வேண்டுமா, எவரும் காணாததையும் அவன் எழுதலாமா என்னும் வினா ஓவியக் கலையைப் போலவே பழமையானது. தெய்வங்களையும் வானவரையும் அற்புதங்களையும் எழுதப் புகுந்த கலைஞர் அனைவரும் இவ்வினாவை எதிர்கொண்டுள்ளனர். கேரள நாட்டு இரவிவர்மர் (1848–1906) இதற்கு ஒரு விடை கண்டார். தமயந்தியையும் சகுந்தலையையும் அவர் எழுதியபோது, நம் நாட்டு மகளிரின் முகத்தையும் சேலையையும் அணியையும் அவர்களுக்கு அளித்தார். புராணம் வீட்டு முற்றத்துக்கு வந்தது. அவருக்கு ஒரு தலைமுறைக்குப் பின், இலங்கையின் மலைநாட்டோடு தம் வாழ்வைப் பிணைத்துக்கொண்ட மற்றோர் ஓவியர் அதே வினாவுக்குத் தமக்கே உரிய விடையொன்றைக் கண்டார். அவரே டேவிட் பெயின்டர்.

பெயின்டர் என்பது அவர் செய்த தொழிலைக் குறித்து வந்த பட்டம் அன்று. தந்தை வழியில் வந்த ஆங்கிலக் குடும்பப் பெயர். பெயரும் தொழிலும் ஒலியால் ஒன்றுபட்டமை தற்செயலே. ஆயினும் இப்பெயரைத் தமிழில் எழுதும்போதெல்லாம் நமக்கு ஒரு புன்னகை தோன்றாமற் போவதில்லை.

இருகுலத்து மைந்தர்

இமயமலைச் சாரலில், குமாவுன் நாட்டு அல்மோராவில், 1900ஆம் ஆண்டு மார்ச் மாதம் 5ஆம் நாள் டேவிட் பிறந்தார். தந்தையார் ஆர்னல்ட் பெயின்டர், இங்கிலாந்திலிருந்து கிறித்தவ ஊழியத்துக்கென வந்தவர். தாயார் அனகி, தென்னிலங்கைச் சிங்களக் குடும்பமான வீரசூரிய குடும்பத்தவர். அக்குடும்பத்தில் தோன்றிய ஆர்னோலிஸ் வீரசூரிய, இரட்சணிய சேனையின் தொடக்க காலத்துப் பணியாளர்களுள் ஒருவர். வாந்திபேதி கண்ட நோயாளிக்குப் பணிவிடை செய்து, அந்நோய்க்கே ஆளாகி 1888ஆம் ஆண்டு உயிர் நீத்தவர். பிறர் துன்பத்தைத் தம் துன்பமாக ஏற்கும் இயல்பு அவ்வீட்டிற் புதிதன்று.

ஆங்கிலேயர் ஒருவர் சிங்களப் பெண்மணியை ஊரறிய மணந்து, மனைவியென்று உலகின் முன் நிறுத்தி வாழ்வது அக்காலத்தில் எளிய செயல் அன்று. ஆளுவோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே தோலின் நிறத்தாற் சுவர் எழுப்பியிருந்த காலம் அது. அச்சுவரின் இரு பக்கத்துக்கும் உரிமையுடையவராக டேவிட் பிறந்தார். பின்னாளில் அவர் எழுதிய படங்களையும், அவர் குடும்பம் ஆற்றிய பணியையும் விளங்கிக்கொள்ள விரும்புவோர் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அவருடைய இளமை மலையிலிருந்து மலைக்குச் சென்றது. பிறந்தது இமயச் சாரல். தொடக்கக் கல்வி நீலகிரியின் உதகமண்டலத்தில். அம்மாவட்டத்தின் முதல் ஆணையாளர் பிரீக்ஸ் என்பவரின் நினைவாக எழுந்த பள்ளியில் அவர் பயின்றார். அடுத்து, மலைகள் சூழ்ந்த கண்டி மாநகரின் திரித்துவக் கல்லூரி. இறுதியாக, குடும்பத்தின் ஊழியம் நிலைகொண்ட நுவரெலியா. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் மூடுபனிக்குள் உறங்கும் அவ்வூரே அவர் வாழ்வின் நான்காவது மலை.

கண்டியிற் பெற்ற கல்வி

டேவிட் பயின்ற காலத்துத் திரித்துவக் கல்லூரியின் தலைவர் ஏ. ஜி. பிரேசர். 1904 முதல் 1924 வரை அப்பொறுப்பை வகித்துப் பின் மேற்கு ஆபிரிக்காவின் அச்சிமோட்டாக் கல்லூரிக்குச் சென்ற அறிஞர் அவர். ஆங்கிலக் கல்லூரிகளில் தாய்மொழிக்கு இடமில்லாதிருந்த நாளில், சிங்களமும் தமிழும் அறியாத மாணவன் தன் நாட்டிலேயே அந்நியன் ஆவான் என்னும் கொள்கையை வற்புறுத்தியவர். கல்லூரியின் வழிபாட்டிடமும் ஐரோப்பியக் கோபுரத்தின் நகலாக இருத்தலாகாது என்னும் எண்ணம் அங்கே வளர்ந்தது. உதவித் தலைவராயிருந்த காஸ்டர் பாதிரியார் அதற்கு வடிவம் கொடுத்தார். கண்டி அரசர் காலத்து மண்டபங்களையும் பொலன்னறுவைக் கட்டடங்களையும் நினைவூட்டும் வகையில், செதுக்கிய கருங்கற்றூண்கள் தாங்கும் சிற்றாலயம் ஒன்று 1920களில் எழத் தொடங்கியது. கல்லில் நாட்டு மரபு குடிகொண்டது. இனி அதன் சுவர்களில் எந்நாட்டு முகங்கள் குடிகொள்ளும்? அக்கேள்விக்கு விடையளிக்க வேண்டியவர் அக்கல்லூரியின் பழைய மாணவரே என்பது அன்று எவருக்கும் தெரிந்திராது.

அதே கல்லூரியில் ஏறத்தாழ அதே ஆண்டுகளிற் பயின்ற மற்றொருவர் ஜோர்ஜ் கீற். 1901ஆம் ஆண்டு பிறந்த அவரும் ஓவியராயினார். ஒரே கல்லூரியின் நிழலிற் பயின்ற இவ்விருவரும் பின்னர் இரு வேறு திசைகளில் நடந்தமை இலங்கை ஓவிய வரலாற்றின் சுவையான செய்திகளுள் ஒன்று.

இலண்டனும் இத்தாலியும்

உதவிச் சம்பளம் பெற்று டேவிட் இலண்டன் சென்று, அரச கலைக்கழகத்தின் ஓவியப் பள்ளியிற் சேர்ந்தார். அங்கு கற்பித்த முறை கடுமையானது. உயிருள்ள மனிதரை முன்னிறுத்தி எலும்பும் தசையும் நரம்பும் ஒளியும் நிழலும் பிழையின்றி வரும்வரை மீண்டும் மீண்டும் வரைதல் வேண்டும். கைத்திறன் வந்த பின்னரே கற்பனைக்கு இடம். அப்பயிற்சியில் தேறி அவர் பொற்பதக்கம் பெற்றார். பயண உதவிநிதியும் கிடைக்கவே, இத்தாலி சென்று பழைய ஆசான்களின் சுவரோவியங்களை நேரிற் கண்டு கற்கும் வாய்ப்பு வந்தது. சுவரில் எழுதும் கலை திரைத்துணியில் எழுதும் கலையினின்றும் வேறுபட்டது. திரைத்துணி ஓவியத்தை ஒருவர் தனித்து நின்று காண்பர். சுவரோவியத்தை ஒரு கூட்டம் நாள்தோறும் கண்டுகொண்டே வாழும். எனவே அதற்குத் தெளிவும் அமைதியும் பேரளவும் வேண்டும். பிற்காலத்தில் அவர் கைவண்ணத்திற் கண்ட உறுதி இப்பயிற்சியின் விளைவு எனலாம்.

ஐரோப்பாவின் இளங்கலைஞர் பலர் அப்பொழுது உருவத்தை உடைத்து வேறொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தனர். பாரிசில் எழுந்த அப்புயல் உலகெங்கும் வீசியது. டேவிட் அதற்கு வளைந்து கொடுக்கவில்லை. மனித உடல் உள்ளவாறே அழகியது, அதனை உடைக்க வேண்டியதில்லை என்னும் நம்பிக்கையோடு 1925ஆம் ஆண்டு இலங்கைக்குத் திரும்பினார்.

சுவரில் எழுந்த நம்மவர்

1920களின் பிற்பகுதியில் திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்தின் சுவர்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. நான்கு காட்சிகளை அவர் அங்கே எழுதினார். முதலாவது, தன் புதல்வர் இருவருக்கும் இறைவனின் வலப்புறத்தும் இடப்புறத்தும் ஆசனம் கேட்ட தாயின் கதை. அவருடைய துன்பக் கிண்ணத்தில் நீங்களும் பருக வல்லீரோ என்னும் கேள்வியே அதன் பொருள். மற்றையவை, குருவானவர் சீடரின் பாதங்களைக் கழுவிய காட்சி, வழியில் அடிபட்டுக் கிடந்தவனை வேற்றினத்தான் ஒருவன் தூக்கி எடுத்த நல்ல சமாரியன் கதை, சிலுவை மரணம் ஆகியவை.

இக்கதைகள் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய ஓவியர் கைப்பட்டுத் தேய்ந்தவை. அவற்றில் வரும் மனிதர் இத்தாலியராகவோ ஒல்லாந்தராகவோ இருப்பர். டேவிட் அம்முகங்களை ஒதுக்கிவிட்டு, கருமையும் கபிலமும் கலந்த நம் நாட்டு மேனிகளைச் சுவரில் நிறுத்தினார். உழைத்து முறுக்கேறிய தோள்களும் வெயில் குடித்த முகங்களும் திருச்சபையின் புனித வரலாற்றுக்குள் நுழைந்தன. சிலுவைக் காட்சியின் பின்னணியில் எருசலேமின் குன்று இல்லை. சேறும் வேரும் பின்னிக் கிடக்கும் கண்டற்காடு காட்சியளித்தது. எல்லாவற்றினும் மேலாக, சிலுவையில் தொங்கியவர்க்குத் தாடி இல்லை.

இச்செய்தி இன்று சிறிதாகத் தோன்றலாம். அன்று அது சிறிதன்று. நீண்ட கூந்தலும் தாடியும் வெளிர்நிறமும் கொண்ட உருவமே கிறிஸ்துவின் உருவம் என்று அச்சுப் படங்களாற் பழகிய கண்களுக்கு இளைஞரான இக்கீழைத்தேய உருவம் அதிர்ச்சியளித்தது. ஆயினும் வரலாறு அறிந்தோர்க்கு அதில் வியப்பில்லை. உரோமாபுரியின் பழைய நிலவறைக் கல்லறைகளில் நல்ல மேய்ப்பன் தாடியற்ற இளைஞனாகவே எழுதப்பட்டான். இத்தாலியின் இரவென்னா நகரில், சான் விட்டாலே ஆலயத்தின் 6ஆம் நூற்றாண்டு வண்ணக்கல் ஓவியத்திலும் கிறிஸ்து தாடியின்றியே வீற்றிருக்கிறார். ஒவ்வொரு நாடும் தன் முகத்தைத் தெய்வத்துக்கு அளித்து வந்துள்ளது. இலங்கைக்கும் அவ்வுரிமை உண்டு என்பதே அச்சுவர்கள் கூறிய செய்தி.

அக்காலம் சுவரோவியத்தின் மறுமலர்ச்சிக் காலமாகவும் அமைந்தது. சோலியஸ் மெண்டிஸ் களனி விகாரையிலும், ஜோர்ஜ் கீற் பொறளை கோதமி விகாரையிலும் புத்தர் பெருமானின் வரலாற்றை எழுதினர். கோவாவைச் சேர்ந்த ஆஞ்சலோ ட பொன்சேக்கா கிறித்தவக் காட்சிகளை இந்திய மரபில் வரைந்துகொண்டிருந்தார். மெண்டிஸ் பழைய கோட்டு மரபை நாடினார். கீற் புதுமை மரபை நாடினார். பொன்சேக்கா வங்காள நெறியைத் தழுவினார். பெயின்டர் மட்டுமே மேனாட்டு உண்மையுருவ நெறியைக் கைவிடாமல், அந்நெறிக்குள்ளேயே நம் மண்ணையும் மனிதரையும் கொணர்ந்தார். கருவி அந்நியம், கண் நம்முடையது.

பங்களாவும் லயமும்

ஓவியத்தைப் பற்றி மட்டும் கூறி நிறுத்தினால் இவ்வரலாறு பாதியே கூறியதாகும். மற்றப் பாதி நுவரெலியாவில் உள்ளது.

1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். 1869இற் தொடங்கிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தொழிக்க, தேயிலை மலைகளை மூடிக்கொண்டது. 1885ஆம் ஆண்டு புகையிரதம் நானுஓயா வரை ஏறியது. ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா என எங்கும் காடு விலகிப் பசுமை விரிந்தது. அப்பசுமையை விரித்த கைகள் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வந்த தமிழரின் கைகள். குன்றின் உச்சியில் துரையின் பங்களா; அடிவாரத்தில் தொழிலாளரின் லயம். இரண்டுக்கும் இடையே சட்டமும் வழக்கமும் நிறமும் நின்றன.

அந்த இடைவெளியைக் கடந்து பிறந்த குழந்தைகளும் இருந்தனர். துரைமாருக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் பிறந்த அக்குழந்தைகளைப் பங்களா ஏற்கவில்லை; பெயர் கொடுக்கவும் மறுத்தது. லயத்தில் அவர்கள் நிறமே அவர்களைக் காட்டிக் கொடுத்தது. கொழுந்து நிறுக்கும் கணக்கிற் பெயர் உள்ள தாய்க்கு, அக்குழந்தையின் தந்தை பெயரைச் சொல்லும் உரிமை இல்லை. தேயிலை விளைந்த நாடுகளிலெல்லாம் இத்துன்பம் இருந்தது. வட வங்காளத்துக் களிம்போங் நகரில் கிரகாம் என்னும் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் 1900ஆம் ஆண்டு தொடங்கிய இல்லங்கள் அங்குள்ள தோட்டத் துரைமாரின் இத்தகைய பிள்ளைகளுக்காகவே எழுந்தன. அங்கு வளர்ந்தோர் பலர் நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்டனர்.

இலங்கையில் அப்பணியை மேற்கொண்டோருள் பெயின்டர் குடும்பத்தார் முதன்மையானவர். நுவரெலியாவில் அவர்கள் நிறுவிய இல்லம் பெயின்டர் இல்லம் என்றே பெயர் பெற்றது. எவரும் வேண்டாத பிள்ளைகளுக்கு அங்கே உணவும் உடையும் கல்வியும் கிடைத்தன. இவற்றினும் அரிதாக, கூசாமல் நிமிர்ந்து நிற்கும் ஓர் இடமும் கிடைத்தது. ஆங்கிலத் தந்தைக்கும் இலங்கைத் தாய்க்கும் பிறந்தவர் டேவிட். அவ்வில்லத்துப் பிள்ளைகள் பலரும் அவ்வாறே. இருசாராருக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: டேவிட்டின் தந்தை தம் மனைவியையும் மக்களையும் மறைக்கவில்லை. ஒரு மனிதனின் நேர்மை ஒரு குழந்தையைக் கலைஞனாக்குகிறது. அந்நேர்மை இல்லாத இடத்தில் அதே குழந்தை அநாதையாகிறது. இவ்வுண்மையை அவர்கள் வீட்டில் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியிருந்திராது. புகழ்பெற்ற ஓவியரான பின்னரும் டேவிட் இவ்வில்லத்தின் பொறுப்பிலிருந்து விலகினாரல்லர். ஓய்வுக்காலத்தில் அதற்கே தம் உழைப்பைத் தந்தார்.

இப்போது கண்டிச் சுவர்களை மீண்டும் நோக்குவோம். குரு குனிந்து சீடரின் பாதங்களைக் கழுவுகிறார். துரை ஏறி வரும்போது கூலி பாதையை விட்டு இறங்கி நிற்க வேண்டியிருந்த நாட்டில் எழுதப்பட்ட படம் அது. அடிபட்டவனைத் தூக்கியவன் அவன் இனத்தான் அல்லன்; தூக்காது சென்றோர் அவன் இனத்தாரே. பெயின்டர் இவற்றைக் கண்டனமாக எழுதினார் என்று நாம் கூற வேண்டியதில்லை. ஆனால் மலைநாட்டிலிருந்து செல்லும் தமிழன் ஒருவன் அப்படங்களின் முன் நின்றால், அவை வேற்றுநாட்டுப் பழங்கதையாக அவனுக்குத் தோன்றமாட்டா.

புதியோர் நடுவே

1943ஆம் ஆண்டு கொழும்பில் புதுமை ஓவியர் ஒன்றுகூடி, அவ்வாண்டின் பெயரையே தம் குழுவுக்குச் சூட்டினர். லயனல் வென்ட், கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல, ஹரி பீரிஸ், ரிச்சர்ட் கேப்ரியல், மஞ்சுஸ்ரீ முதலியோர் அதில் இருந்தனர். கலைக்கழக நெறியில் உருவத்தை உள்ளவாறு எழுதுதல் காலங்கடந்தது என்பது அவர்கள் எண்ணம். யாழ்ப்பாணத்திலும் கலை விழிப்பு ஏற்பட்டு, 1938ஆம் ஆண்டு ஆசிரியர் எஸ். ஆர். கனகசபை அவர்களின் முயற்சியால் வின்சர் ஓவியக் கழகம் தோன்றியிருந்தது. பெயின்டர் '43 குழுவிற் சேரவில்லை. அதனோடு பூசலும் விளைக்கவில்லை. நிலக்காட்சியும் மனித உருவமும் எழுதும் தம் பாதையில் அமைதியாகச் சென்றார். 1935இல் அவர் எழுதிய, பிற்பகற்பொழுதைப் பெயராகக் கொண்ட ஓவியம் இங்கிலாந்தின் பிரைட்டன் நகர் அரும்பொருளகத்தைச் சென்றடைந்தது. கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பையும் அவர் வகித்து, பல மாணவருக்குக் கைத்திறனின் ஒழுக்கத்தைக் கற்பித்தார்.

இரு நெறியினருள் யார் உயர்ந்தோர் என்று வழக்காடுதல் வேண்டாத வேலை. கீற்றின் கோடுகள் இலங்கை ஓவியத்துக்குச் சிறகு தந்தன. பெயின்டரின் உருவங்கள் அதற்குக் கால் தந்தன. பறக்கவும் வேண்டும், மண்ணில் ஊன்றவும் வேண்டும்.

ஐந்தாவது மலை

கல்கிசைப் புனித தோமையர் கல்லூரியின் சிற்றாலயம் மறுரூபத்தின் பெயரால் அமைந்தது. அங்கே அவ்வற்புதத்தையே எழுதும் பணி முதுமையில் அவரை வந்தடைந்தது. 1968ஆம் ஆண்டு அது நிறைவெய்தியது. மலையொன்றின் மீது மூன்று சீடர் பார்த்திருக்க, அவர்கள் நாள்தோறும் கூட நடந்த மனிதரின் முகம் திடீரெனச் சூரியனைப் போல ஒளிர்ந்தது. முன்னோரான மோசேயும் எலியாவும் அருகிற் தோன்றினர். கண்ணாற் கண்டதை எழுதும் ஓவியனுக்கு இதனினும் கடினமான சோதனை வேறில்லை. சிலுவை மரணம் மனிதர் கண்ட செயல். வழிப்பறியும் கால் கழுவுதலும் எந்த ஊரிலும் நிகழ்வன. ஒளியாய் மாறும் மனிதரை எங்கே போய்க் காண்பது?

இங்கேயும் அவர் தம் நெறியை விடவில்லை. கிறிஸ்துவைத் தாடியற்ற, நம் நாட்டு மனிதராகவே எழுதினார். அற்புதம் மனித உருவத்தை அழித்துவிட்டு வருவதன்று; அவ்வுருவத்தினூடாகவே வருவது என்பது அதன் பொருள் போலும். மூடுபனி விலகும் ஒரு நொடியில், நேற்றுவரை சாம்பல் நிறமாயிருந்த குன்று பொன்னாகித் தோன்றுவதை மலைநாட்டார் அனைவரும் அறிவர். சிவனொளிபாத மலையின் உச்சியில் விடியற்காலை நின்றோர் இன்னும் நன்றாக அறிவர். அல்மோரா, உதகை, கண்டி, நுவரெலியா என நான்கு மலைகளில் வாழ்ந்து ஒளியின் விளையாட்டைக் கண்டவர், ஐந்தாவதாக எழுதிய இம்மலையில் தாம் கண்டதையெல்லாம் வைத்தார் என்று நினைப்பதிற் தவறில்லை.

அவர் எழுதிய ஆண்டுகளில் மலைநாட்டு மக்களின் நிலையும் மாறிக்கொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறிதொரு நாள் முடிவுக்கு விட்டது. முகமுள்ள மனிதர் எண்ணிக்கையாயினர். அதே காலத்தில் புண்டலுஓயா மண்ணில் தோன்றிய சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் சொற்களால் அம்மக்களுக்கு முகம் தந்துகொண்டிருந்தார். ஓவியரும் எழுத்தாளரும் வேறு வேறு உலகங்களைச் சேர்ந்தவர். ஆயினும் புறக்கணிக்கப்பட்டோர்க்கு முகம் உண்டு என்று கூறியதில் இருவரும் ஒரே ஊழியர்.

1975ஆம் ஆண்டு சூன் மாதம் 7ஆம் நாள் டேவிட் பெயின்டர் மறைந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் ஆங்கிலக் கம்பெனிகளின் தோட்டங்கள் நிலச்சீர்திருத்தச் சட்டத்தால் அரசுடைமையாயின. வெள்ளைத் துரைமாரின் காலம் முடிந்தது. அக்காலம் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்கு வீடு கொடுத்த குடும்பத்தின் ஓவியர், அக்காலத்தோடு சேர்ந்தே விடைபெற்றார்.

மலையகத்தைப் பற்றிப் பேசும் நம் இலக்கிய அரங்குகளில் இவர் பெயர் அதிகம் எழுவதில்லை. அவர் ஆங்கிலம் பேசியவர், கிறித்தவ ஆலயங்களில் எழுதியவர், நம் மொழியினர் அல்லர் என்பன அதற்குக் காரணமாகலாம். கலைக்கு இவை தக்க காரணங்கள் அல்ல. கண்டிக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், பேராதனைப் பூங்காவையும் தலதா மாளிகையையும் காட்டிய பின், இசைவு பெற்று ஒரு நாழிகை அச்சிற்றாலயத்திலும் நிற்கச் செய்வார்களாக. படத்தில் உள்ளோர் யாவர் என்று விளக்குமுன், அவர்கள் யாரைப் போல் இருக்கிறார்கள் என்று பிள்ளைகளைக் கேட்டல் நன்று. விடையைப் பிள்ளைகளே சொல்லிவிடுவர்.